திறந்து காட்டும் சேனல்கள்

அரிசியையும் தண்ணீரையும் போட்டு சுவிட்சை அழுத்திவிட்டுப் போனால் போதும். சோறு வெந்ததும் ரைஸ் குக்கர் தானாகவே அணைந்துவிடுகிறது. ஒரு டம்ளர் அரிசி வைத்தாலும் நான்கு டம்ளர் வைத்தாலும் சரியான நேரத்தில்தான் அணைகிறது. சாதாரண ரகக் குக்கரில் கம்ப்யூட்டர் சிப் கிடையாது, டைமரும் கிடையாது. சோறு வெந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

விடை தண்ணீரிலும் காந்தத்திலும் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கொதிக்கத் தொடங்கிய பிறகு நாம் கொடுக்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. அதனால் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. அரிசி தண்ணீரைக் குடித்து, மிச்சமும் ஆவியாகிப் போனதும் நிலைமை மாறுகிறது. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லாததால் அடிப்பகுதியின் வெப்பநிலை மளமளவென்று ஏறுகிறது.

குக்கரின் வெப்பத்தட்டுக்கு நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறிய குமிழ் இருக்கும். பாத்திரத்தை வைத்ததும் அது பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதற்குள் ஒரு காந்தம். அதற்கு மேலே, காந்தத்தோடு ஒட்டக்கூடிய ஒரு பொருளின் துண்டு. நாம் சுவிட்சை அழுத்தும்போது காந்தம் மேலே போய் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்கிறது, மின்சாரம் பாய்கிறது. காந்தத்தில் ஒட்டும் எந்தப் பொருளும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் அந்தக் குணத்தை இழந்துவிடும். இதை விரிவாக ஆராய்ந்து 1895இல் முனைவர் பட்டம் பெற்றவர் பியர் க்யூரி. அதனால் அந்த அளவுக்கு க்யூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 டிகிரி. குக்கருக்குள் இருக்கும் துண்டையோ, 100 டிகிரிக்குச் சற்று மேலே அந்தக் குணம் போய்விடும்படி தயாரிக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்து சூடு ஏறியதும் காந்தப் பிடி விடுகிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, சுவிட்ச் 'டக்' என்று விழுகிறது. சோற்றின் பதத்தைப் பார்ப்பது தண்ணீரின் கொதிநிலைதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த அலெக் வாட்சன் நடத்தும் 'டெக்னாலஜி கனெக்ஷன்ஸ்' என்ற யூடியூப் சேனலில் இதற்கு ஒரு முழு நீளக் காணொளி இருக்கிறது. குக்கரைக் கழற்றி, குமிழை வெளியே எடுத்து, சூடாக்கினால் காந்தம் எப்படிப் பிடியை விடுகிறது என்பதைக் கண்முன் நிகழ்த்திக் காட்டுகிறார். பழைய ரொட்டி டோஸ்டர், பாத்திரம் கழுவும் இயந்திரம், ஹீட் பம்ப், ஊசி வைத்து ஓடிய வீடியோ தட்டு என்று எதை எடுத்தாலும் பொறுமையாகப் பிரித்து வைத்துப் பேசுகிறார். நாம் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு பொருளுக்குள் எத்தனை மூளை உழைத்திருக்கிறது என்ற வியப்பு பார்ப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும்.

இப்படி ஒரு துறைக்குள் ஆழ இறங்கும் சேனல்கள் இன்று பல இருக்கின்றன. அவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக, 'விஞ்ஞானிகளே அதிர்ந்த உண்மை' என்ற ரகமும் குவிந்து கிடக்கிறது. தானாக வந்து நிற்கும் பரிந்துரைகளை நம்பிப் பார்த்தால் இரண்டாவது ரகம்தான் முதலில் கிடைக்கும். எனவே எதற்கு நம் நேரத்தைக் கொடுக்கலாம், ஏன் கொடுக்கலாம் என்பதை ஆராய்ந்து சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

புரிந்தது போலத் தோன்றுவது

முதலில் ஓர் ஆய்வு. 'வெரிடாசியம்' சேனலைத் தொடங்கிய டெரெக் மல்லர், அதற்கு முன்பு சிட்னி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மாணவர். இயற்பியலைக் காணொளி மூலம் எப்படிக் கற்பிப்பது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, 2008இல் முடித்தார்.

ஒரு பந்தை மேலே எறிகிறோம். கையை விட்டு விலகி அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? பலரும் சொல்லும் பதில், எறிந்த விசை பந்துக்குள் இருந்துகொண்டு மேலே தள்ளுகிறது, அது தீரத் தீரப் பந்து கீழே வருகிறது என்பதே. இது தவறு. காற்றின் தடையைக் கணக்கில் விட்டுவிட்டால், கையை விட்ட நொடியிலிருந்து பந்தின்மீது இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். மேலே போகும்போதும், உச்சியில் நிற்கும்போதும், கீழே வரும்போதும் அதே அளவில், அதே திசையில்.

மல்லர் இந்தப் பாடத்துக்கு இரண்டு விதமான காணொளிகள் தயாரித்தார். ஒன்று, சரியான விளக்கத்தைத் தெளிவாக, படங்களோடு சொல்வது. பார்த்த மாணவர்கள், தெளிவாக இருந்தது, எளிதாகப் புரிந்தது என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் முன்னேற்றம். தாங்கள் ஏற்கெனவே நினைத்திருந்ததையே காணொளியும் சொன்னதாகச் சிலர் எண்ணிக்கொண்டார்கள். மற்றொன்று, ஒருவர் தவறான கருத்தைச் சொல்ல, அதன்மீது இருவர் விவாதித்துச் சரியான விடைக்கு வருவது. இதைப் பார்த்தவர்கள், குழப்பமாக இருந்தது என்றார்கள். ஆனால் அவர்களுடைய மதிப்பெண் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

இந்த முடிவை அறிவியல் காணொளி பார்க்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புரிந்த உணர்வு வேறு, புரிதல் வேறு. வழுக்கிக்கொண்டு போகும் விளக்கம் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். நாம் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை உரசிப் பார்க்கும் விளக்கம்தான் இரண்டாவதைக் கொடுக்கும். நல்ல சேனல் எது என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான்: பொருளைத் திறந்து காட்டுகிறதா, அளந்து காட்டுகிறதா, தான் சொல்வதை நாமே சரிபார்க்க வழி விடுகிறதா?

ஒரு கிலோமீட்டர் கம்பி

அந்த அளவுகோலுக்கு மிகச் சிறந்த உதாரணம் வெரிடாசியத்தில் தொடங்கிய ஒரு சர்ச்சை. 2021 நவம்பரில் மல்லர் ஒரு புதிர் போட்டார். ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச். அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு பல்பு. ஆனால் இணைக்கும் கம்பிகளோ இரண்டு பக்கமும் நிலவுக்குப் பாதித் தூரம் போய்த் திரும்பி வருகிற அளவுக்கு நீளம். சுவிட்சைப் போட்டால் பல்பு எப்போது எரியும்? கம்பி வழியே ஒளியின் வேகத்தில் சுற்றி வந்தாலும் ஒரு விநாடி ஆகுமே என்றுதான் தோன்றும். மல்லரின் விடை, சில நானோ விநாடிகளில் எரியத் தொடங்கும் என்பது. ஒளி ஒரு மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரம் அவ்வளவுதான்.

மின்பொறியாளர்கள் பலர் கொதித்துப் போனார்கள். பல்பு 'எரியும்' என்றால் எவ்வளவு பிரகாசமாக? உடனே வருகிற மின்னோட்டம் எவ்வளவு? மறுப்புக் காணொளிகள் வரிசையாக வந்தன. அவற்றில் தனித்து நின்றது 'ஆல்ஃபாஃபீனிக்ஸ்' என்ற சேனல். அதை நடத்துபவர் பொருளறிவியல் படித்த பிரையன் ஹைடெட். அவர் வாதத்தோடு நிற்காமல் ஆயிரம் மீட்டர் கம்பி வாங்கி, வெளியே இழுத்துக் கட்டி, பல்புக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்து, மின்னழுத்த மாற்றத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அளந்தார்.

திரையில் தெரிந்த கோடு இரண்டு தரப்பையும் சேர்த்து வைத்தது. சுவிட்சைப் போட்டதுமே ஒரு சிறிய படி ஏறுகிறது. மின்னோட்டம் கம்பியைச் சுற்றி வரும் நேரம் கழிந்ததும் பெரிய படி ஏறுகிறது. அருகருகே ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே காற்று இருந்தாலும், ஒன்றில் மின்னழுத்தம் மாறும்போது அதைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் மாறுகின்றன. அந்த மாற்றம் இடைவெளியைத் தாண்டி மற்ற கம்பியில் ஒரு சிறு மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. முழு மின்னோட்டம் வருவதற்கோ கம்பியின் நீளம் முழுவதையும் அந்த மாற்றம் கடந்தாக வேண்டும். கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நகரும் வேகம் மிகக் குறைவு. வீட்டு வயரில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் கீழேதான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது எலெக்ட்ரான்கள் ஓடி வருவதால் நடப்பதில்லை. மின்காந்தப் புலம் பரவுவதால் நடக்கிறது.

அடுத்த ஆண்டு மல்லரும் தன் விளக்கத்தில் இருந்த குறைகளை ஏற்றுக்கொண்டு, இரண்டு பக்கமும் பத்து மீட்டர் கம்பி நீட்டிய சோதனை ஒன்றோடு மீண்டும் வந்தார். இந்த மூன்று காணொளிகளையும் வரிசையாகப் பார்த்தால், ஒரு கருத்து எப்படி முன்வைக்கப்படுகிறது, எப்படித் தாக்கப்படுகிறது, அளவீடு எப்படித் தீர்ப்புச் சொல்கிறது என்பது முழுவதும் விளங்கும். அறிவியல் வேலை செய்கிற விதத்தை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் நம் பள்ளிப் புத்தகங்களில் இல்லை.

பட்டறையிலிருந்து ஆய்விதழுக்கு

அடுத்த பரிந்துரை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ் புடிசெலிச் நடத்தும் 'கிளிக்ஸ்பிரிங்'. கடிகாரம் செய்யும் கலைக்கான சேனல் இது. பேச்சு குறைவு, பதற்றம் கிடையாது. பித்தளைத் தகட்டில் கோடு கிழிப்பது, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவுவது, மெருகேற்றுவது என்று வேலையே கதை.

அவர் கையில் எடுத்த பெரிய வேலை ஆன்டிகிதெரா இயந்திரத்தை மீண்டும் செய்வது. கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவர்கள் 1900இல் கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவுக்கருகே ஒரு பழைய கப்பல் சிதைவைக் கண்டார்கள். அதிலிருந்து 1901இல் எடுக்கப்பட்ட ஒரு பச்சைக் களிம்பு பிடித்த வெண்கலக் கட்டிக்குள் பல்சக்கரம் ஒன்று இருப்பது மறு ஆண்டு தெரியவந்தது. இன்று 82 துண்டுகளாக இருக்கும் அந்தக் கருவியில் 30 பல்சக்கரங்கள் எஞ்சியிருக்கின்றன. சூரியன், சந்திரன் நிலைகளையும் கிரகணங்களையும் கைப்பிடியைச் சுற்றிக் கணிப்பதற்காக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு செய்யப்பட்டது அது.

புடிசெலிச் இதை நவீன லேத்தில் செய்து முடித்துவிட்டு நகரவில்லை. அந்தக் காலத்துக் கைவினைஞர் அரத்தை எப்படிச் செய்திருப்பார், துளை போடும் கருவி எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார். கருவியின் முன்பக்கத்தில் நாள்காட்டி வளையம் ஒன்று உண்டு. அதன் அடியில் வரிசையாக நுண்ணிய துளைகள். வளையத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் மிஞ்சியிருக்கிறது. முழு வளையத்தில் 365 துளைகள் இருந்திருக்கும், அது எகிப்திய ஆண்டைக் குறித்தது என்பது நெடுங்காலக் கருத்து. வளையத்தைச் செய்யப்போனவருக்கு எத்தனை துளை போடுவது என்ற கேள்வி வந்தது. எக்ஸ்ரே படங்களிலிருந்து எஞ்சிய துளைகளின் இடங்களை அவரும் உடன் ஆய்வாளர்களும் அளந்தார்கள். 354தான் பொருந்துகிறது, அதாவது இது பன்னிரண்டு சந்திர மாதங்கள் கொண்ட ஆண்டு என்று 2020இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்த அளவீடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரஹாம் வோன், ஜோசஃப் பேய்லி ஆகியோரின் பார்வைக்குப் போயின. வோன் ஈர்ப்பலை ஆய்வாளர். விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய அதிர்வைப் பிரித்தறியப் பயன்படுத்தும் புள்ளியியல் முறைகளை அவர்கள் இந்தத் துளைகள்மீது செலுத்தினார்கள். 354 அல்லது 355 துளைகள் என்பதே மிகவும் சாத்தியம் என்று 2024இல் அறிவித்தார்கள். வளையத்தின் ஆரம் 77.1 மில்லிமீட்டர், துளைகள் அந்த வட்டத்திலிருந்து விலகுவது சராசரியாக 0.028 மில்லிமீட்டர்தான். பழங்காலக் கைவினைஞரின் கை அவ்வளவு துல்லியம். 365 என்ற கருத்தை விடாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், விவாதம் தொடர்கிறது. ஆனால் ஒரு யூடியூப் பட்டறையில் பிறந்த கேள்வி தொல்லியலின் நடுக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கையால் செய்து பார்ப்பதும் ஆராய்ச்சிதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதும் பாடம்

அதற்கடுத்தது, மார்க் வெர்டியெல் நடத்தும் 'கியூரியஸ்மார்க்'. பழைய மின்னணுக் கருவிகளை உயிர்ப்பிப்பது இவருடைய துறை. மனிதரை நிலவில் இறக்க உதவிய அப்போலோ வழிகாட்டிக் கணினிகளில், நாசா கழித்துவிட்ட ஒன்றை இவரும் நண்பர்களும் இயங்க வைத்தார்கள். அந்த வேலையைப் பகுதி பகுதியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்போலோ 11 நிலவில் இறங்கிய 50ஆம் ஆண்டு நிறைவான 2019 ஜூலைக்குள் கணினி ஓடியது.

அந்தக் கணினியின் நிரந்தர நினைவகம் 16 பிட் கொண்ட 36,864 இடங்கள். கூட்டினால் சுமார் 72 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. நிரலை அதில் 'எழுத' முடியாது, நெய்யத்தான் வேண்டும். சிறிய காந்த வளையங்களின் வரிசை. கம்பி ஒரு வளையத்துக்குள் நுழைந்து போனால் 1, வெளியே விலகிப் போனால் 0. அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்கள் ஊசியால் கோத்து இதை நெய்தார்கள். ஒரு கம்பி இடம் மாறினால் நிரலில் ஒரு பிழை. மென்பொருளைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்த காலம் அது.

இந்தத் தொடரில் என்னைக் கட்டிப்போட்டது பழுது கண்டுபிடிக்கும் முறை. எடுத்த எடுப்பில் மின்சாரம் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே சோதிக்கிறார்கள். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இங்கே இந்த அளவு வர வேண்டும், வரவில்லை என்றால் எது காரணம் என்று யோசிக்கிறார்கள். ஒரு ஊகம், ஒரு சோதனை, அடுத்த ஊகம். மின்னணுவியல் படிக்கும் மாணவர் யாராக இருந்தாலும் ஆய்வுக்கூட வகுப்புக்கு இணையாக இதைப் பார்க்கலாம். கணினி எப்படி இயங்குகிறது என்பதை அடியிலிருந்து கற்க நினைப்பவர்கள் 'பென் ஈட்டர்' சேனலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெட்போர்டில் சிறு சிப்புகளை ஒவ்வொன்றாகச் செருகி, ஓர் எட்டு பிட் கணினியை அவர் நம் கண்முன்னே கட்டி முடிக்கிறார்.

மோதல்களை எண்ணினால் பை

கணிதத்துக்கு 'த்ரீ புளூ ஒன் பிரவுன்'. கிராண்ட் சாண்டர்சன் 2015இல் தொடங்கியது. கணிதத்தை அசையும் படமாக வரைவதற்கென்றே அவர் எழுதிய மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்.

அவருடைய காணொளிகளில் ஒன்றைச் சொல்கிறேன். உராய்வே இல்லாத தரை; ஓரத்தில் ஒரு சுவர். சுவருக்கருகே ஒரு சிறிய கட்டை சும்மா நிற்கிறது. இன்னொரு கட்டை வந்து அதை மோதுகிறது. சிறியது சுவரில் மோதித் திரும்பி வந்து மறுபடி மோதுகிறது. மோதலில் ஆற்றல் எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை மோதல்கள்? இரண்டும் ஒரே எடை என்றால் 3. வருகிற கட்டை 100 மடங்கு கனம் என்றால் 31. 10,000 மடங்கு என்றால் 314. பத்து லட்சம் மடங்கு என்றால் 3,141. ஆம், வட்டத்தின் பை எண்தான் இலக்கம் இலக்கமாக வெளியே வருகிறது!

கட்டைகள் மோதுவதில் வட்டம் எங்கிருந்து வந்தது? சாண்டர்சன் விடையை உடனே சொல்லவில்லை. புதிரை ஒரு காணொளியில் போட்டுவிட்டு, யோசித்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டு, அடுத்ததில்தான் அவிழ்க்கிறார். இரண்டு கட்டைகளின் வேகங்களையும் தகுந்த அளவில் இரண்டு அச்சுகளில் வைத்துப் படம் வரைந்தால், ஆற்றல் மாறாது என்ற விதி ஒரு வட்டத்தின் சமன்பாடாகிவிடுகிறது. ஒவ்வொரு மோதலும் அந்த வட்டத்தில் ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல். தாவல்கள் வெட்டும் வில்கள் எல்லாம் சம நீளம். வட்டத்தைச் சுற்றி எத்தனை வில்கள் அடங்கும் என்ற கணக்கில் பை வந்து நிற்கிறது. யோசிக்க இடம் விட்ட பிறகு வருகிற விடைக்கு இருக்கும் சுவையே தனி. மல்லரின் ஆய்வு சொன்ன பாடமும் இதுதான்.

இன்னும் சில

இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் பில் ஹம்மாக்கின் 'எஞ்சினியர்கை' சேனலில் குளிர்பான டின் ஏன் உருளை வடிவில் இருக்கிறது என்ற காணொளியைப் பாருங்கள். உருண்டையாகச் செய்தால் உலோகம் குறைவாகச் செலவாகும், ஆனால் அடுக்கினால் இடத்தில் 74 சதவீதம்தான் நிரம்பும். பெட்டி வடிவம் இடத்தை முழுவதும் நிரப்பும், ஆனால் அழுத்தத்தில் விளிம்புகள் தாங்காது. உருளை 91 சதவீதம் நிரப்புகிறது, அழுத்தத்தையும் தாங்குகிறது. பொறியியல் என்பது இப்படி விட்டுக்கொடுத்துச் சமன் செய்யும் கலை என்பது சில நிமிடங்களில் பதிந்துவிடும்.

'பிராக்டிகல் இன்ஜினியரிங்' கட்டடப் பொறியாளர் கிரேடி ஹில்ஹவுஸ் நடத்துவது. அணைக்கு அடியில் நீர் கசிந்து மண்ணை அரிப்பது, மதகைத் தாண்டி விழும் தண்ணீர் கீழே சுழன்று எழுவது போன்றவற்றைக் கண்ணாடிபோல் தெளிவான தொட்டியில் சிறு மாதிரி செய்து காட்டுகிறார். 'அப்ளைடு சயின்ஸ்' சேனலின் பென் கிராஸ்னோ வீட்டிலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கி கட்டியவர்; இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி நகர்வதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு படமாக எடுத்துக் கோத்துக் காட்டியிருக்கிறார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வேதியியலாளர்களோடு பிராடி ஹாரன் 2008இல் தொடங்கிய 'பீரியாடிக் வீடியோஸ்' 118 தனிமங்களுக்கும் தனித்தனிக் காணொளி வைத்திருக்கிறது. பள்ளி ஆசிரியர்கள் அவசியம் பயன்படுத்த வேண்டிய களஞ்சியம்.

சிப் தொழிலைப் புரிந்துகொள்ள 'ஏசியானோமெட்ரி'. படங்களை வைத்துக்கொண்டு ஒருவர் நிதானமாகப் பேசுவதுதான் மொத்தமும். ஆனால் விஷயம் கனமானது. நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தின் சிப் அச்சிடும் இயந்திரம் விநாடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் அடித்து, 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியை உண்டாக்குகிறது. அந்த ஒளியைக் காற்றே விழுங்கிவிடும்; லென்ஸ் கண்ணாடியும் விழுங்கும். அதனால் வெற்றிடத்தில் தனி வகை ஆடிகளால் எதிரொளித்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். பத்துப் பதினோரு ஆடிகளைத் தாண்டி சிப் உருவாகும் சிலிக்கான் தட்டான வேஃபரை அடையும்போது மிஞ்சுவது இரண்டு, மூன்று சதவீதம். புதிய சிப் ஏன் இவ்வளவு விலை, ஏன் எல்லா நாடும் அதைச் செய்ய முடியவில்லை என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல தொடக்கம்.

போலிகளும் பாடங்களும்

ஒரு வகை வெற்றி பெற்றால் அதன் போலிகள் பின்னால் வரும். ஆஸ்திரேலியக் காட்டில் ஜான் பிளான்ட் வெறும் கையால் குடிசை, சூளை, இரும்புத் துணுக்கு வரை செய்து காட்டும் 'பிரிமிட்டிவ் டெக்னாலஜி' பேச்சே இல்லாத அருமையான சேனல். அதைப் பார்த்து, மண்ணுக்கடியில் நீச்சல்குளமும் மாளிகையும் தோண்டுவதாகக் காட்டிய காணொளிகள் புற்றீசல்போல் கிளம்பின. அவற்றில் பலவற்றில் வேலை செய்தது கேமராவுக்குப் பின்னால் நின்ற இயந்திரங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவின் குரலில், யாரோ எழுதியதைக் கலந்துகட்டி வாசிக்கும் சேனல்களும் பெருகிவிட்டன. அடையாளம் காண்பது கடினம் அன்று. பேசுபவர் யார் என்று தெரிகிறதா? பொருள் அவர் கையில் இருக்கிறதா? தவறு சுட்டிக்காட்டப்பட்டால் திருத்துகிறாரா? மூன்றுக்கும் விடை 'இல்லை' என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

காணொளி வழிக் கல்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய அடித்தளம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் முழு வகுப்புகளும் இலவசம். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் எழுதி நடத்திய குவாண்டம் இயற்பியல் வகுப்புகளை உலகெங்கும் மாணவர்கள் பார்க்கிறார்கள். அசையும் படமோ பின்னணி இசையோ அதில் இல்லை. மேலே சொன்ன சேனல்கள் ஆர்வத்தைக் கிளப்பும். அந்த ஆர்வம் நிலைக்க இப்படிப்பட்ட வகுப்புகளும் புத்தகமும் காகிதமும் பேனாவும் வேண்டும்.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மூச்சில் பத்துக் காணொளி பார்ப்பதைவிட ஒன்றைப் பத்து முறை நிறுத்திப் பார்ப்பது மேல். கேள்வி வந்ததும் நிறுத்தி, உங்கள் விடையைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் வீட்டில் ஒருவருக்கு அதை விளக்கிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று பொருள். ஆங்கிலம் தடையாக இருந்தால் வசன வரிகளைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும் பெற்றோர், நடு நடுவே நிறுத்தி அவர்களைப் பேச விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோவையில் பம்ப் செய்பவர்கள், சிவகாசியில் அச்சு இயந்திரம் ஓட்டுபவர்கள், சுவாமிமலையில் வெண்கலம் வார்ப்பவர்கள், திருப்பூரில் பின்னல் இயந்திரம் சரிசெய்பவர்கள் என்று நம் ஊரில் ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. அதைத் திறந்து காட்டும் தமிழ்ச் சேனல்கள் இன்னும் நிறைய வேண்டும். பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. தெரிந்த தொழிலும், நிதானமும், ஒரு கைபேசியும் போதும். உங்களுக்குத் தெரிந்த ஒரு கருவியைக் கழற்றி, அது எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.